உதவி பெற்றமைக்கான சான்று

இருட்டில் விடப்பட்ட மண்புழு முதலில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதே என் ஆய்வு. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கவனித்தேன். பெரும்பாலும் ஈரம் இருக்கும் பக்கம் திரும்புகிறது. இதை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் எழுதி, ஐந்து பிரதிகள் எடுத்து, கறுப்பு அட்டை போட்டுக் கட்டி, ஒரு புதன்கிழமை காலையில் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

என் பதிவுக் காலம் ஆறு ஆண்டுகள். அது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். மறுபடி முதலாண்டு மாணவியாகச் சேர்ந்து, முதல் புழுவிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்பது நாள் முன்னதாகவே போனதால் எனக்குக் கவலை இல்லை.

பிரிவு எழுத்தர் ஒல்லியான மனிதர். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து என் சான்றுகளை எச்சில் தொடாமல் எண்ணினார். நூலகத்தில் பாக்கி இல்லை, விடுதியில் பாக்கி இல்லை, ஆய்வகத்தில் எதையும் உடைக்கவில்லை, யாருடைய எழுத்தையும் திருடவில்லை. மொத்தம் பதிமூன்று.

“பதினாலாவது எங்கம்மா?”

“பதிமூணுதானே சார்?”

“பதினாலு ஆகி ஒண்ணரை வருஷம் ஆச்சு. அறிவிப்புப் பலகையில போட்டிருந்தோமே.”

ஒன்றரை வருடமாக நான் அடித்தளத்தில் இருந்தேன். மண்புழுக்களுக்கு வெளிச்சம் ஆகாது.

“உதவி பெற்றமைக்கான சான்று” என்று அவர் விளக்கினார். “மேல மாணவர் நல உதவி மையம் இருக்கு. அங்க நாலு உதவி வாங்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முத்திரை. நாலு முத்திரை சேர்ந்தா சான்று தருவாங்க.”

“எனக்கு உதவி எதுவும் தேவைப்படலை சார்.”

நான் மெதுவாகத்தான் பேசுவேன். அவர் காதைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். திரும்பவும் சொன்னேன்.

“தேவைப்படாம இருக்கலாம்மா. வாங்காம இருக்க முடியாது.”

ஐந்து பிரதிகளையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வரும்போது இருந்ததைவிடக் கனத்தன என்று எழுத ஆசைதான். எடை மாறவில்லை. ஒன்பது கிலோ.

மாணவர் நல உதவி மையம் மூன்றாம் மாடியில் இருந்தது. முன்பு அந்த இடம் நூலகத்தின் படிக்கும் அறை. மேசைகளை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தைகள் போட்டிருந்தார்கள். சுவர் முழுக்க ‘நீங்கள் தனியாக இல்லை’ என்று பச்சை எழுத்தில் வரைந்திருந்தது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் இயக்குநரே வெளியே வந்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. புதிதாக வரும் ஒவ்வொருவரையும் அவரே வரவேற்பது வழக்கமாம்.

“நாலு வருஷம் முன்னாடி இந்த மையத்தை ஆரம்பிச்சப்ப, இந்தப் பல்கலைக்கழகத்துல பதிவாகியிருந்த பிரச்சினை எத்தனை தெரியுமா? பூஜ்யம்! ஒரே ஒரு மாணவருக்குக்கூட ஒரு பிரச்சினையும் இல்ல. அப்படி ஒரு மோசமான நிலைமை. இன்னைக்கு ஒன்பதாயிரத்து நானூறு. எல்லாம் எங்க உழைப்பு.”

“வாழ்த்துகள் சார்” என்றேன்.

“தீர்வு விகிதம் நூறு சதவீதம். எப்படின்னு கேளுங்க.”

“எப்படி சார்?”

“பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு மாணவர் கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் முத்திரை. இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் போட மாட்டேன்னு சொன்னதில்ல. அவ்வளவு திருப்தி.”

என்னை ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் என் வயதுதான் இருப்பார். மடியில் தட்டைக் கணினி வைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது.

“சொல்லுங்க, என்ன பிரச்சினை?”

“முத்திரை இல்ல சார்.”

“அது நடைமுறைங்க. பிரச்சினையைச் சொல்லுங்க.”

யோசித்தேன். எதுவும் அகப்படவில்லை. அவர் எண்பது கேள்விகள் கொண்ட படிவத்தைத் திறந்தார்.

“தூக்கம்?”

“எட்டு மணி நேரம்.”

நிமிர்ந்து பார்த்தார். “எட்டா?”

“சில நாள் எட்டரை.”

“சாப்பாடு?”

“மூணு வேளை.”

“அழுகை?”

“வெங்காயம் நறுக்கும்போது வரும்.”

“குறிச்சுக்கட்டுமா?” என்று ஆசையாகக் கேட்டார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். “கைடு எப்படி?”

“ரொம்ப நல்லவங்க.”

“எதை வச்சு சொல்றீங்க?”

“ரெண்டு வருஷமா வெளிநாட்டுல இருக்காங்க.”

எண்பதாவது கேள்வி முடிந்ததும் திரை சிவப்பாக மாறியது. ‘மறுப்பு நிலை: மிகத் தீவிரம்’ என்று வந்தது. ஆலோசகர் கணினியை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“பிரச்சினையே இல்லைன்னு சொல்றதுதான் இருக்கறதுலயே பெரிய பிரச்சினைங்க. போன வருஷம் பூராவும் ஒரே ஒருத்தருக்குத்தான் இப்படி வந்துச்சு.”

“அவர் இப்ப எப்படி இருக்காரு?”

“இங்கதான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன்” என்றார்.

தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டேன். எது தீர்ந்தது என்று கேட்டதற்கு, இல்லாமல் இருந்தது தீர்ந்தது என்றார். முதல் முத்திரை விழுந்தது. மீதி மூன்றுக்கும் தனித்தனிப் பிரச்சினை வேண்டுமாம். ஒரே பிரச்சினையை இருமுறை காட்டினால் கணினி ஏற்காது. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்து எழுதி வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, எனக்கு என்ன பிரச்சினை?”

“எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?” என்றார் அம்மா.

இருபத்திரண்டு நிமிடம் பேசினார். எதையும் நேரத்துக்குச் செய்ய மாட்டேன். யாரோடும் பேச மாட்டேன். விருந்தாளி வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன். போட்டோ எடுத்தால் கண்ணை மூடிவிடுவேன். நடுவில் அப்பா வந்து, புழு ஈரத்துக்குத்தான் போகும் என்று தன்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். மொத்தம் பத்தொன்பது.

“இரு, உங்க அக்காவையும் லைன்ல போடறேன். அவ இன்னும் சொல்லுவா.”

“போதும்மா.”

“எதுக்குடி கேட்டே?”

“யுனிவர்சிட்டில கேக்கறாங்கம்மா.”

“தங்கமான மனுஷங்கடி. யாரு இந்தக் காலத்துல இப்படியெல்லாம் விசாரிக்கறாங்க!”

பத்தொன்பதில் இப்போதைக்கு இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். நேரத்துக்கு எதையும் செய்யாதது, யாரோடும் பேசாதது.

முதலாவதற்கு நேர மேலாண்மைப் பயிலரங்கு. வெள்ளி, சனி இரண்டு நாளும் காலை ஒன்பது மணிக்கு. பயிற்சியாளர் பதினொன்று இருபதுக்கு வந்தார். அதுவரை நாற்பது பேர் மெத்தைகளில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்து மெத்தையில் இருந்தவரின் தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. எல்லோரும் அவரைப் ‘பதினொண்ணு’ என்று கூப்பிட்டார்கள். ஆய்வில் அவருக்கு அது பதினோராவது ஆண்டு. முதல் ஆறு ஆண்டில் பதிவு ரத்தாகி, மறுபடி சேர்ந்து, ஐந்து ஆண்டு ஆகிறது.

“அதே ஆய்வையேவா ரெண்டாவது தடவை செய்யறீங்க?” என்றேன்.

“ஆமா. இந்தத் தடவை சுலபம். விடை தெரியும்ல.”

“ரெண்டாவது தடவையும் அதே விடைதான் வந்துச்சா?”

“ஐயோ, அதைக் கேக்காதீங்க” என்றார்.

இந்தப் பயிலரங்குக்கு அவர் வருவது ஆறாவது முறை. முத்திரைக்குத் தொண்ணூறு நாள்தான் ஆயுளாம். நாலாவது முத்திரை வாங்குவதற்குள் முதலாவது காலாவதி ஆகிவிடும். அதைப் புதுப்பிப்பதற்குள் இரண்டாவது.

“இப்ப மூணு கையில இருக்கு. இது முடிஞ்சா நாலாவது. ஆனா முதலாவது அடுத்த வெள்ளிக்கிழமை செத்துடும்.”

“அதுக்குள்ள சான்று வாங்கிடலாமே.”

“வாங்கலாம். யாரு தராங்கன்னுதான் தெரியல. கேட்டா மாடிக்கு மாடி அனுப்பறாங்க.”

பயிற்சியாளர் வந்ததும் கைதட்டச் சொன்னார். தட்டினோம்.

“உங்க நேரத்தை யாரு திருடறாங்க? கண்ணை மூடிக்கிட்டு நல்லா யோசிச்சுப் பாருங்க” என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினோம். திறந்தபோது நாற்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு கவனமான வகுப்பைத் தான் கண்டதில்லை என்று நெகிழ்ந்துபோனார். அவர் சொல்லும் நகைச்சுவைகளுக்குப் பதினொண்ணு அரை நொடி முன்னதாகவே சிரித்துவிட்டார். இரண்டாம் முத்திரை.

யாரோடும் பேசாததற்குத் திங்கட்கிழமை தனிமை நீக்கக் குழு. போனேன். பன்னிரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மணி பத்தானது. நான் மட்டும்தான். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“எல்லாரும் வந்தாச்சா?”

“நான் மட்டும்தான் மேடம்.”

“சரி, அப்ப வட்டமா உட்காருங்க. ஒவ்வொருத்தரா அறிமுகப்படுத்திக்குங்க. நான் ஒரு மீட்டிங் போயிட்டு வந்துடறேன்.”

ஒருவர் எப்படி வட்டமாக உட்காருவது என்று தெரியவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொண்டேன். மற்ற பதினொரு நாற்காலிகளிடமும் என் பெயரையும் துறையையும் சொன்னேன். பிறகு ஒன்றரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

“தனிமை குறைஞ்சுதா?” என்று திரும்பி வந்து கேட்டார்.

“கொஞ்சம்” என்றேன்.

மூன்றாம் முத்திரை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆலோசகரிடம் போய் நாலாவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“‘காத்திருப்பைக் கையாளுதல்’னு ஒண்ணு இருக்குங்க. நல்ல வகுப்பு.”

“எப்ப சார்?”

“தள்ளிப் போட்டுட்டாங்க. அடுத்த மாசம்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணும் இல்லைங்க.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. முதல் புழு நினைவுக்கு வந்தது. அதைப் பெட்டியில் விட்டபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அது நாற்பது நிமிடம் எந்தப் பக்கமும் திரும்பாமல் கிடந்தது. அந்த நாற்பது நிமிடத்தை மறுபடி பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆலோசகர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு வழி இருக்கு. எங்க சேவைப் பட்டியல்ல இல்லாத புதுப் பிரச்சினையா இருந்தா, நாப்பத்தெட்டு மணி நேரத்துல தீர்வு குடுத்தாகணும். விதி அப்படி. இல்லைன்னா அது ‘தீராதது’ன்னு மதிப்பீட்டுக் குழுவுக்குப் போயிடும். ஆனா பட்டியல்ல நானூறு பிரச்சினை இருக்கு. அதுல இல்லாதது எதுவும் இருக்க முடியாது.”

அம்மாவின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பத்தொன்பதும் அதில் இருந்தன. போட்டோவில் கண்ணை மூடுவதுகூட இருந்தது.

வெற்றுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி, ஆய்வறிக்கை எழுதும் பழக்கத்தில் எழுதினேன்.

பிரச்சினை: மாணவர் நல உதவி மையம்.
தொடங்கிய நாள்: கடந்த புதன்கிழமை.
அறிகுறிகள்: தூக்கம் எட்டு மணி நேரத்திலிருந்து ஐந்தரையாகக் குறைந்தது. உணவு மூன்று வேளையிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அழுகைக்கு இப்போது வெங்காயம் தேவைப்படுவதில்லை.
முன்பு இருந்ததா: இல்லை.

ஆலோசகர் இரண்டு முறை படித்தார். பட்டியலில் தேடினார். இல்லை. பதிவு செய்யும் பொத்தானை அழுத்தும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

புதன்கிழமை காலை என்னை இயக்குநர் அறைக்கு அழைத்தார்கள். இயக்குநர், துணை இயக்குநர், ஆலோசகர் மூவரும் இருந்தார்கள். துணை இயக்குநர் எதையும் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

“உங்களுக்கு என்னம்மா குறை வச்சோம்?” என்றார் இயக்குநர். “உங்களுக்கு உதவி பண்ணத்தானே நாங்க இருக்கோம்?”

“அதுதான் சார்” என்றேன்.

“நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வருது. சிறந்த மையத்துக்கான விருது தர்றதுக்கு. நூறு சதவீதம்னு பேனரே அடிச்சாச்சு. தீர்ந்துடுச்சுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

“தீரலை சார்.”

சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. ஒன்பதாயிரத்து நானூற்றுச் சொச்சம் கையெழுத்துகளுக்குப் பிறகு அந்த மேசையில் ஒரு பேனா சும்மா கிடந்தது. அதை இயக்குநர் நெடுநேரம் பார்த்தார்.

துணை இயக்குநர் குறிப்பேட்டைப் புரட்டினார். “பிரச்சினைக்குக் காரணம் எதுவோ அதை நீக்கணும்னு நம்ம கையேட்டுல இருக்கு சார். அதன்படி பார்த்தா, மையத்தை மூடிட்டா தீர்ந்துடும்.”

இயக்குநர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“அதுவும் ஒரு வழின்னு சொன்னேன் சார்” என்று குறிப்பேட்டை மூடினார்.

“காரணத்தை நீக்க முடியாதுன்னா?” என்றார் இயக்குநர்.

“சமாளிக்கக் கத்துக் குடுக்கணும் சார்.”

இயக்குநர் எழுந்துவிட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. “அதான்! பயிலரங்கு! ‘மாணவர் நல உதவி மையத்தைச் சமாளிப்பது எப்படி?’ நாளைக்கே நடத்தறோம். குழு கண்ணு முன்னாடியே தீர்த்து வைக்கறோம். யாரு நடத்தறது?”

“அனுபவம் உள்ளவங்க வேணும் சார்” என்றார் ஆலோசகர்.

“நம்ம ஆளுங்கள்ல யாரு இங்க உதவி வாங்கியிருக்காங்க?”

“யாரும் இல்ல சார். நமக்கு அவசியம் வரல.” கொஞ்சம் இருமிவிட்டு, “நான் மட்டும் ஒண்ணு வாங்கினேன். அதோட வேலை குடுத்துட்டீங்க” என்றார்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்குப் பேச வராது சார்” என்றேன்.

“வராதவங்களுக்கும் ஒரு குழு வச்சிருக்கோம்மா. இப்ப அதுக்கு நேரமில்ல. நடத்துங்க. நாலாவது முத்திரை உறுதி.”

மறுக்க நினைத்தேன். ஆறு பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடித்தளத்துக்கு ஓடிவந்தேன்.

சாயங்காலம் வரை புழுப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். ஆய்வக அட்டெண்டர் அண்ணன் தண்ணீர் தெளிக்க வந்தார்.

“என்ன, புழுவுக்குப் பாடம் நடத்தறியா?”

“நாளைக்குப் பேசணும்ணா. பயமா இருக்கு.”

“இதுங்க ஏதாச்சும் சொல்லுதா?”

“இல்லண்ணா.”

“மனுஷனும் சொல்ல மாட்டான். கேட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவான். நீ பாட்டுக்குப் பேசு.”

வியாழக்கிழமை இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். அறுநூறு பேர் வந்தார்கள். மெத்தைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் திட்டில் ஏறினார்கள். மாடிப்படி முழுக்க நின்றார்கள். முன்வரிசையில் மதிப்பீட்டுக் குழுவினர் மூன்று பேர். அவர்களுக்குப் பக்கத்தில் இயக்குநர், வெள்ளைக் கைக்குட்டையோடு.

“வணக்கம்” என்றேன்.

“கேக்கல!” என்றார்கள் படிக்கட்டிலிருந்து.

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு உபதேசம் செய்யத் தெரியாது. கவனித்ததைச் சொல்லத்தான் தெரியும். அதையே சொன்னேன்.

“முத்திரை வைக்கறவர் பத்து மணிக்கு வருவார்னு எழுதியிருக்கு. பத்து நாப்பதுக்கு வருவார். பதினொண்ணுலேருந்து பதினொண்ணு முப்பத்தஞ்சு வரைக்கும் டீ. அதனால பத்து நாப்பதுலேருந்து பதினொண்ணுக்குள்ள போங்க.”

அறுநூறு பேனாக்கள் நகர்ந்தன.

“தூக்கம் எவ்வளவுன்னு கேப்பாங்க. எட்டுன்னு சொல்லாதீங்க. நம்ப மாட்டாங்க. ஆறுன்னு சொல்லுங்க.”

சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“முத்திரைக்குத் தொண்ணூறு நாள் ஆயுள். ரொம்ப நாள் இழுக்கற வகுப்பை முதல்ல முடிச்சுடுங்க. சட்டுனு முடியறதைக் கடைசிக்கு வைங்க. நாலு முத்திரை சேர்ந்ததும் மாடிக்கு மாடி அலையாதீங்க. சான்று அடிக்கறவர் வாரத்துல ஒரு நாள்தான் வருவார். போன வாரம் பயிலரங்கு நடுவுல தண்ணி தேடிப் போனப்ப அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு, ரெண்டாம் மாடி, பழைய நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருக்கற ரூம்ல. கதவு மூடியிருக்கும். தட்டணும்.”

இதைக் கேட்டதும் பதினொண்ணு எழுந்து நின்றுவிட்டார். பிறகு யாரோ இழுத்து உட்கார வைத்தார்கள்.

“தனிமை நீக்கக் குழுவுக்கு எத்தனை பேர் வருவாங்க?” என்று ஜன்னல் திட்டிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“நீங்க மட்டும்தான். புத்தகம் எடுத்துட்டுப் போங்க.”

பத்தொன்பது நிமிடத்தில் முடித்தேன். கைதட்டல் நிற்கவில்லை. இயக்குநர் கைக்குட்டையை வாயில் வைத்தபடி குழுத் தலைவரைப் பார்த்தார். குழுத் தலைவரும் தட்டிக்கொண்டிருந்தார். உடனே இயக்குநர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

குழுத் தலைவர் மேடைக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இருபது வருஷமா பல்கலைக்கழகங்களை மதிப்பிடறேன். மாணவர்கள் தாங்களாவே விருப்பப்பட்டு வந்த ஒரு கூட்டத்தை இன்னைக்குத்தான் முதல்முறையா பார்க்கறேன். இதை இப்படியே விட்டுடக் கூடாது. கட்டாயமாக்கணும்!”

இயக்குநருக்குக் கண் கலங்கியது. நான் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டேன். நாலாம் முத்திரை விழுந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டாம் மாடியில் பழைய நாற்காலி அறையின் கதவைத் தட்டச் சென்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பதினைந்து பேர் வந்தார்கள். நாலு முத்திரையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள். பதினொண்ணு புதுச் சட்டை போட்டிருந்தார். சான்று அடிப்பவர், இவ்வளவு பேர் தன்னைத் தேடி வருவது இதுவே முதல் முறை என்று சொல்லி, எல்லோருக்கும் அடித்துக் கொடுத்தார்.

நாலு மணிக்கு ஆய்வேட்டுப் பிரிவின் ஜன்னலுக்கு முன்னால் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்றோம். எழுத்தர் முதல் ஆளின் ஐந்து பிரதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து ரசீது கொடுத்தார். இரண்டாவது ஆளுக்கும் கொடுத்தார். என் முறை வந்தபோது, பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஒட்டிய உறை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மேலே ‘உடனடி’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. எழுத்தர் அதைப் பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இப்பத்தான் போன்ல சொன்னாங்க. பதினஞ்சாவது சான்று. நேத்து மேல நடந்துச்சாமே, ‘மையத்தைச் சமாளிப்பது எப்படி’ன்னு ஒரு பயிலரங்கு. அதுல கலந்துகிட்டதுக்கு.”

“நாங்க எல்லாரும் இருந்தோமே சார்!” என்றார் பதினொண்ணு.

“நேத்து நடந்தது சோதனை முயற்சியாம். கணக்குல வராது. முறைப்படி நடக்கறது அடுத்த மாசம்.”

“நான்தான் சார் நடத்தினேன்” என்றேன்.

“நடத்தினவங்க கலந்துகிட்டவங்க ஆக மாட்டாங்கம்மா” என்றார் வருத்தத்தோடு.

எழுத்தர் உறையை மேசையின் ஓரத்தில் வைத்தார்.

“ஆனா ஒண்ணு. உறை வந்தா விதி இல்ல. பிரிச்சு, படிச்சு, பலகையில ஒட்டினாத்தான் விதி. கையில இருக்கற வேலையை முடிச்சுட்டுத்தான் தபால் பிரிக்கணும்னு இந்தப் பிரிவுக்கு ஒரு பழைய உத்தரவு இருக்கு. யாரும் அதை ரத்து பண்ணல.” என் பிரதிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “உங்களோடது என் கையில இருக்கு.”

ஐந்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். நாலு இருபத்தொன்றுக்கு ரசீது கொடுத்தார். அதில் என் பெயரும், மண்புழு என்ற சொல்லும், பல்கலைக்கழக முத்திரையும் இருந்தன. மடித்துப் பைக்குள் வைத்தேன். முடிந்தது. நான் வீட்டுக்குப் போகலாம்.

எழுத்தரின் கை உறையை நோக்கிப் போனது.

“சார்” என்றேன்.

இந்த முறை அவர் காதைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவரவில்லை. அங்கிருந்தே கேட்டது.

“கையில இருக்கற வேலை இன்னும் முடியல சார்.”

“முடிஞ்சுதேம்மா. மேசை காலி.”

நான் திரும்பிப் பதினொண்ணுவின் கையிலிருந்த ஐந்து பிரதிகளையும் வாங்கி, ஜன்னல் சந்து வழியாக உள்ளே தள்ளினேன். அடுத்தவருடையதையும் தள்ளினேன். அவருக்கு அடுத்தவர் தானே தள்ளினார். பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கறுப்பு அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் ஏறின. எழுபத்தைந்து பிரதிகள். உறை அடியில் எங்கோ போனது. கொஞ்ச நேரத்தில் எழுத்தரும் தெரியவில்லை.

“ஏம்மா” என்று குவியலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “இவ்வளவு வேலை கையில இருக்கும்போது தபாலை எப்படிம்மா தேடறது?”

ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு பக்கங்கள் புரளும் சத்தம்.

இந்த முறை ஐந்தையும் புரட்டவில்லை. அட்டையைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், ரசீது கிழித்தார். பதினொண்ணு தன் ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுத்தைப் படிக்காமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகச் சொன்னால், வழி மறந்துவிட்டது என்றார்.

நாலு ஐம்பத்தெட்டுக்குக் கடைசி ரசீது போனது. எல்லோரும் படியிறங்கிவிட்டார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தேன். எழுத்தர் வெளியே வந்தார். உறையைப் பிரித்து, தாளை நான்கு மூலையிலும் பசை தடவிப் பலகையில் ஒட்டினார். ஒட்டியதும் வாய்விட்டுப் படித்தும் காட்ட வேண்டும் போலிருக்கிறது. நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, காலியான வராந்தாவைப் பார்த்து உரத்த குரலில் படித்தார்.

“இந்த ஆணை, ஆய்வேடு அளிப்பதற்காக வரிசையில் காத்திருக்கும் அனைவருக்கும் இந்த நொடி முதல் பொருந்தும்.”

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுக்கப் போனார்.